ஒரு நாளைப் பார்த்து நோய்க்குப் பெயர் வைக்க முடியாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு பதிப்பின் வாசகர் பகுதியில் ஓர் அன்பர் தம் மகனைப் பற்றி எழுதியிருந்தார். ஒரு மருத்துவர் ஸ்கிசோஃப்ரினியா என்றாராம், பிறகு வந்தவர் பைபோலார் என்றாராம். இரண்டும் ஒரே நோய்தான், பெயரை மாற்றி மாற்றிச் சொல்லி நம்மை அலைக்கழிக்கிறார்கள் என்று முடித்திருந்தார். அந்தக் கடிதத்தை நான் இரண்டு முறை படித்தேன். பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு மருத்துவமனை நாற்காலிகளில் காத்திருந்து களைத்துப்போன ஒரு தகப்பனாரின் எழுத்து அது. அவருக்கும் அவரைப் போன்றவர்களுக்கும் எனக்குத் தெரிந்ததைச் சொல்ல வேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

நான் பினாங்கின் பிறை வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளில் பணியாற்றி ஓய்வு பெற்றவள். மருத்துவம் படித்தவள் இல்லை. ஆனால் என் உடன்பிறந்த தம்பிக்கு பைபோலார் எனப்படும் இருமுனை மனநிலைக் கோளாறு. என் நாத்தனார் மகனுக்கு ஸ்கிசோஃப்ரினியா எனப்படும் மனச்சிதைவு நோய். தீபாவளிக்கு இருவரும் எங்கள் வீட்டில் ஒரே பந்தியில் அமர்ந்து சாப்பிடுகிறார்கள். இரண்டு நோய்களையும் பல ஆண்டுகளாகப் பக்கத்திலிருந்து பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: இரண்டும் ஒன்றல்ல. ஒன்று என்று எண்ணிக்கொண்டு கவனிப்பதால் இழப்பு பெரிது.

முதலில் என் தம்பி. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தொழில்நுட்பர். அமைதியானவன், கணக்கில் கெட்டிக்காரன், சீட்டுக் கட்டுகிற பணத்தைக்கூட உறையில் போட்டுத் தேதி எழுதி வைப்பவன். அப்படிப்பட்டவன் ஓர் ஆண்டு பங்குனி மாதத்தில் தூங்குவதை நிறுத்தினான். இரவு இரண்டு மணி நேரம் படுப்பான், எழுந்துவிடுவான், ஆனால் முகத்தில் களைப்பே இருக்காது. நமக்கு ஒரு நாள் தூக்கம் கெட்டால் மறுநாள் தலை தூக்க முடியாது. அவனோ தூங்கத் தூங்க அல்ல, தூங்காமல் இருக்க இருக்கத் தெம்பாக இருந்தான். பேச்சு வேகம் கூடியது. ஒரு வாக்கியம் முடிவதற்குள் அடுத்தது தொடங்கும். உணவு விநியோக நிறுவனம் தொடங்கப்போவதாகச் சொல்லிப் பழைய மோட்டார் சைக்கிள்களை வாங்கிக் குவித்தான். முன்பின் தெரியாதவர்களுக்குக் கடன் கொடுத்தான். பிறகு, தண்ணீர்மலை முருகன் தன்னிடம் நேரடியாகப் பேசுவதாகவும், கோயிலுக்குப் புதிய படிக்கட்டு கட்டத் தன்னைத் தேர்ந்தெடுத்திருப்பதாகவும் சொன்னான்.

இந்தக் கட்டத்தில்தான் உறவினர்கள் கூடி ஆளுக்கொன்று சொன்னார்கள். சாமி வந்திருக்கிறது என்றார் ஒருவர். செய்வினை என்றார் இன்னொருவர். நானும் முருக பக்தைதான், தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பவள். கோயிலில் அருள் வந்து ஆடுபவர்களைச் சிறு வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். மேளம் நின்று திருநீறு பூசியதும் அவர்கள் தண்ணீர் குடித்துவிட்டு வீட்டுக்குப் போய் மறுநாள் வேலைக்குப் போகிறார்கள். என் தம்பியிடம் அது வாரக்கணக்கில் நீடித்தது, நாளுக்கு நாள் வீங்கியது, அவன் சேமிப்பையும் வேலையையும் தின்றது.

பிறகு எல்லாம் அடங்கியது. அடங்கியது என்றால் குணமானது என்று பொருள் இல்லை. அதே மனிதன் அறைக்குள் சுருண்டு படுத்தான். குளிக்கவில்லை. ஒரு குவளை கோப்பியைக் கையில் கொடுத்தால் அது ஆறும்வரை பிடித்துக்கொண்டே இருப்பான். வாழ்ந்து என்ன பயன் என்று மெல்லிய குரலில் கேட்பான். சில மாதங்கள் கழித்து அதுவும் விலகியது. பழைய தம்பி திரும்பி வந்தான். அதே நகைச்சுவை, அதே உறைகள், அதே தேதிகள். ஆசிரியர் அவர்களே, இந்தக் கடைசிப் பகுதியைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். உச்சத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவே அவன் முழுமையாக அவனாகவே இருந்தான்.

என் நாத்தனார் மகனின் கதை வேறு விதமாக நடந்தது. அதற்குத் தொடக்க நாள் என்று எதையும் சொல்ல முடியாது. பள்ளி இறுதி எஸ்.பி.எம். தேர்வில் நல்ல தேர்ச்சி பெற்றுப் பாலிடெக்னிக்கில் சேர்ந்தவன். இரண்டாம் ஆண்டில் நண்பர்களை விட்டு விலகினான். பூப்பந்து விளையாடப் போவதை நிறுத்தினான். பகலிலும் திரைச்சீலையை இழுத்து மூடினான். பருவ வயது, காதல் தோல்வியாக இருக்கும் என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். இப்படி ஓராண்டுக்கு மேல் போனபின், எதிர்வீட்டுக் கூரையில் உள்ள தொலைக்காட்சி வட்டு தன் எண்ணங்களை வெளியே ஒலிபரப்புகிறது என்றான். இரண்டு பேர் தன்னைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொள்வது காதில் கேட்கிறது, நான் சட்டை மாட்டினால் மாட்டுகிறான் என்கிறார்கள், உட்கார்ந்தால் உட்கார்ந்துவிட்டான் என்கிறார்கள், அத்தை, உங்களுக்குக் கேட்கவில்லையா என்று என்னிடம் கேட்டான். அதைச் சொன்னபோது அவன் முகத்தில் குதூகலமும் இல்லை, பெரிய துயரமும் இல்லை. என் தம்பியின் கண்ணில் எரிந்த அந்த வெளிச்சம் இவனிடம் ஒருபோதும் இருந்ததில்லை. பேச்சும் வேகமெடுக்கவில்லை, பாதியில் அறுந்து, தொடர்பில்லாத இன்னோர் இடத்தில் போய் நின்றது.

சிகிச்சைக்குப் பின் குரல்கள் வெகுவாகக் குறைந்தன. ஆனால் அவன் சட்டென்று பழையபடி ஆகிவிடவில்லை. சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிப்பு வருவதில்லை. பல் துலக்க எழுவதற்கே ஒரு மணி நேரம் ஆகிறது. புத்தகத்தை எடுத்தால் ஒரு பக்கத்துக்கு மேல் மனம் நிற்பதில்லை. குரல் கேட்பது மட்டுமே இந்த நோய் என்று பலர் நினைக்கிறார்கள். இந்த ஊக்கக் குறைவும், உணர்ச்சி மங்குவதும், கவனம் சிதறுவதும் அதே நோயின் பகுதிகள். குரல்களுக்கு மருந்து நன்றாக வேலை செய்கிறது. இவற்றுக்கு அந்த அளவுக்கு வேலை செய்வதில்லை. வீட்டார் அவனைச் சோம்பேறி என்று ஏசும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. கால் முறிந்தவனை யாராவது ஓடச் சொல்வார்களா?

இப்போது அந்த அன்பரின் குழப்பத்துக்கு வருகிறேன். குழப்பம் நியாயமானது. முருகன் பேசுகிறான் என்ற என் தம்பியும், இருவர் பேசுகிறார்கள் என்ற மருமகனும், அவசரப் பிரிவுக்கு வந்த அந்த ஓர் இரவில் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். இல்லாத குரல் கேட்பது, நடக்காததை நடந்ததாக உறுதியாக நம்புவது, இவை மனச்சிதைவில் வருவதுபோலவே இருமுனைக் கோளாறு உச்சத்தில் இருக்கும்போதும் வரும். அதன் ஆழ்ந்த சோர்விலும் வரும். என் தம்பியையும் முதன்முறை உச்சத்தில் அழைத்துச் சென்றபோது மனச்சிதைவு என்றுதான் எழுதினார்கள். பிறகு ஓர் இளம் பெண் மருத்துவர் அவனை விட்டுவிட்டு என்னை உட்காரவைத்துக் கேட்டார். இதற்கு முன் எப்போது இப்படி இருந்தான், எவ்வளவு காலம், அதற்கு நடுவில் எப்படி இருந்தான், அந்தக் குரல்கள் மனநிலை சரியாக இருக்கும் காலத்திலும் கேட்கின்றனவா? கடைசிக் கேள்விதான் முக்கியம் என்று பின்னர் விளக்கினார். இருமுனைக் கோளாற்றில் இந்தக் குரல்களும் பொய் நம்பிக்கைகளும் மனநிலையோடு சேர்ந்து வந்து அதனோடு போய்விடும். மனச்சிதைவில் மனநிலை ஏறினாலும் இறங்கினாலும் சமமாக இருந்தாலும் அவை தம்பாட்டுக்கு இருக்கும். இரண்டின் அடையாளங்களும் கலந்து நிற்கும் மூன்றாவது ஒரு நிலையும் உண்டு. அதற்கு ஸ்கிசோஅஃபெக்டிவ் என்று தனிப் பெயர். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் வரையறைப்படி மிகை எழுச்சி, அதாவது என் தம்பியிடம் கண்ட அந்த உச்சம், மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குப் போகாவிட்டால் குறைந்தது ஒரு வாரமாவது நீடித்திருக்க வேண்டும். மனச்சிதைவு என்று உறுதி செய்ய நோயின் அறிகுறிகள் 6 மாதங்களாவது தொடர்ந்திருக்க வேண்டும். அப்படியானால் முதல் நாளிலேயே அசையாத பெயரை எந்த மருத்துவரால் வைக்க முடியும்? ஒரு நாள் பரீட்சைத் தாளை வைத்து நான் எந்த மாணவனையும் எடை போட்டதில்லை. பெயர் மாறியது ஏமாற்று வேலை என்று எண்ண வேண்டாம், ஐயா. காலம் போகப் போக நோய் தன் முகத்தைக் காட்டியிருக்கிறது, மருத்துவர் அதைப் பார்த்திருக்கிறார்.

இந்த இரண்டையும் முதலில் தெளிவாகப் பிரித்தவரும் காலத்தை வைத்துத்தான் பிரித்தார். ஜெர்மானிய மருத்துவர் எமில் கிரெப்பலின், ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை வைத்து, ஆண்டுக்கணக்கில் அவர்கள் எப்படிப் போகிறார்கள் என்று பின்தொடர்ந்து குறித்தார். வந்து போய் வந்து போய், நடுவில் தெளிந்திருப்போர் ஒரு பக்கம். தெளியாமல் தொடர்வோர் மறுபக்கம். 1899இல் தம் பாடநூலின் ஆறாம் பதிப்பில் இந்தப் பிரிவை முழுமையாக வைத்தார். 1904இல் அவர் நம் பக்கத்து ஜாவாவுக்கே வந்து, அங்கிருந்த மனநல மருத்துவமனையில் உள்ளூர் மக்களிடமும் இதே நோய்கள் இருக்கின்றனவா என்று பார்த்தார், இருந்தன. வெள்ளைக்காரர்களுக்கு வரும் நோய் என்று இன்றும் சிலர் சொல்வதற்காக இதைக் குறிப்பிடுகிறேன். ஆனால் இரண்டாவது கூட்டத்தார் சிதைந்துகொண்டேதான் போவார்கள் என்று அவர் கருதியது மிகவும் இருண்ட முடிவு. 1908இல் ஸ்கிசோஃப்ரினியா என்ற பெயரைத் தந்த சுவிஸ் மருத்துவர் ஆய்கன் புளூலரே அதை ஏற்கவில்லை. நன்றாகத் தேறியவர்களை அவர் பார்த்திருந்தார்.

வேறுபாடு தெரிந்தால் என்ன ஆகிவிடும், இருவருக்கும் ஒரே மாத்திரைதானே கொடுக்கிறார்கள் என்று என் நாத்தனாரே கேட்டார். உண்மைதான், ஒரு காலத்தில் இருவருக்கும் ஒலான்சபின் எழுதியிருந்தார்கள். மனச்சிதைவுக்குத் தரும் மருந்துகளில் பல, மிகை எழுச்சியையும் தணிக்கும். காய்ச்சல் மாத்திரையை எல்லாக் காய்ச்சலுக்கும் தருவதால் டெங்கியும் சளிக்காய்ச்சலும் ஒன்றாகிவிடாது என்று அவரிடம் சொன்னேன். பிரிகிற இடம் அதற்கடுத்து வருகிறது.

என் தம்பிக்கு நடந்ததையே சொல்கிறேன். சரியான பெயர் தெரிவதற்கு முன், ஒரு சோர்வுக் காலத்தில் அவன் தானாகவே ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனான். அழுகை, தூக்கமின்மை, வேலைக்குப் போகப் பிடிக்கவில்லை என்று சொன்னான். சில நிமிடங்களில் மனச்சோர்வு மாத்திரை கிடைத்தது. அதற்கு முன் அவன் தூங்காமல் திரிந்த காலத்தைப் பற்றி அங்கே யாரும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை, ஏனென்றால் அது அவனுக்கு நோயாகவே தெரியவில்லை. வாழ்க்கையிலேயே நான் நன்றாக இருந்த காலம் அது என்றுதான் அவன் நினைத்திருந்தான். சில வாரங்களில் அந்த மாத்திரை அவனைச் சோர்விலிருந்து தூக்கி நேரே உச்சத்தில் கொண்டுபோய் விட்டது. இருமுனைக் கோளாறு உள்ளவருக்கு மனநிலையைச் சமன்படுத்தும் மருந்து இல்லாமல் மனச்சோர்வு மருந்தை மட்டும் தனியாகக் கொடுத்தால் இப்படி ஆகக்கூடும் என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். பெரும்பாலானோர் சோர்வில் இருக்கும்போதுதான் உதவி தேடிப் போகிறார்கள். ஆகவே உச்சத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியவர்கள் வீட்டில் உள்ளவர்கள்தாம்.

அவனை நிலைப்படுத்தியது லித்தியம். அந்த மருந்தின் கதையில் நம் மண்ணுக்கும் ஒரு பங்கு உண்டு. ஜான் கேட் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் 1942இல் சிங்கப்பூர் வீழ்ந்தபோது ஜப்பானியரிடம் பிடிபட்டுச் சாங்கி முகாமில் மூன்றரை ஆண்டுகள் கைதியாக இருந்தார். அங்கே சக கைதிகளின் மனம் பிறழ்வதைக் கவனித்து, உடலின் வேதியியலில் ஏதோ இருக்கிறது என்ற எண்ணத்தோடு ஊர் திரும்பினார். 1949இல் லித்தியத்தைப் பற்றி அவர் வெளியிட்ட கட்டுரையில், மிகை எழுச்சி கொண்ட 10 பேர் தெளிவாகத் தேறினார்கள். மனச்சிதைவு உள்ள 6 பேருக்கும் அதே மருந்தைக் கொடுத்தார். அவர்களிடம் பரபரப்பு தணிந்ததே தவிர நோய் அப்படியே இருந்தது. இரண்டும் வேறு என்பதற்கு இதைவிட என்ன சொல்ல வேண்டும்?

லித்தியம் எடுப்பவர்கள் நம்மிடையே இருப்பதால் ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அது இரத்தத்தில் குறைந்தால் பயனில்லை, கூடினால் நஞ்சு. அதனால்தான் அவ்வப்போது இரத்தம் எடுத்து அளவு பார்க்கிறார்கள், சிறுநீரகத்தையும் தைராய்டையும் சோதிக்கிறார்கள். கடைசி மாத்திரை போட்டு ஏறத்தாழ 12 மணி நேரம் கழித்து இரத்தம் எடுக்க வேண்டும். காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு சோதனைக்குப் போனால் கணக்கு தவறிவிடும். வயிற்றுப்போக்கு, வாந்தி, கடும் வெயிலில் வியர்ப்பது, தண்ணீர் குடிக்காமல் விரதம் இருப்பது ஆகிய எல்லாமே அளவைக் கூட்டும். தைப்பூசத்தில் வெயிலில் நடந்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள் ஏறி, கால்வலிக்கு மருந்துக்கடையில் இபுபுரோஃபென் அல்லது டைக்ளோஃபினாக் வாங்கிப் போட்டுக்கொள்பவர்களை எனக்குத் தெரியும். லித்தியம் எடுப்பவருக்கு அந்த வலி மாத்திரைகள் ஆபத்து, பாராசெட்டமோல் பரவாயில்லை. கை நடுக்கம் கூடினால், நடை தள்ளாடினால், பேச்சு குழறினால் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். என் தம்பி இப்போதும் தண்ணீர்மலைக்கு வருகிறான். தண்ணீர்ப் போத்தலோடு, மருத்துவரிடம் சொல்லிவிட்டு வருகிறான்.

அவனுக்கு மருந்துக்கு நிகரான இன்னொன்று தூக்கம். இரவுப்பணியும் பகல்பணியும் மாறி மாறி வந்தபோதெல்லாம் அவன் தடுமாறினான். மருத்துவரின் கடிதத்தைக் காட்டி நிரந்தரப் பகல்பணி கேட்டு வாங்கியபின் அவனுடைய ஆண்டுகள் அமைதியாயின. பினாங்குத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் எத்தனை பேர் இந்தப் பணிமாற்றத்தில் சிக்கியிருக்கிறார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தூக்கம் குறைவது பலருக்கு இந்த நோயின் முதல் அறிகுறி. அதுவே நோயைக் கிளப்பியும் விடுகிறது.

என் மருமகனுக்கோ மாத்திரையை மறப்பதும், அதில் நஞ்சு கலந்திருக்கிறது என்று சந்தேகித்து நிறுத்துவதும் பிரச்சினையாக இருந்தன. இப்போது மாதம் ஒருமுறை ஊசி. அதற்குப் பின் அடுத்தடுத்து மருத்துவமனையில் சேர்ப்பது நின்றது. அவனுக்கு மிகவும் தேவைப்படுவது வீட்டில் தணிந்த குரல். லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற ஆய்வாளர் 1950களின் கடைசியிலிருந்து நடத்திய ஆய்வுகள், ஓயாத கண்டிப்பும் பகைமையும் அளவுமீறிய தலையீடும் உள்ள வீடுகளுக்குத் திரும்பியவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக மீண்டும் நோய்வாய்ப்பட்டதைக் காட்டின. இதை நான் படித்துச் சொன்னபின் என் நாத்தனார் வீட்டில் ஒரு மாற்றம் செய்தார். ஒரே நேரத்தில் ஒரு வேலையை மட்டும் சொல்வது, செய்தால் நன்றி சொல்வது, செய்யாவிட்டால் விட்டுவிடுவது. அவனுக்கு இப்போது அரை நாள் வேலை இருக்கிறது. அரசாங்கத்தின் மென்தாரி சமூக மனநல மையத்தார் பேசி ஏற்பாடு செய்தார்கள். பெட்டிகளில் பெயர் ஒட்டும் வேலை. அதை அவன் பிசகாமல் செய்கிறான்.

இன்னொன்று. முதன்முறை மனம் பிறழ்ந்து வரும் இளைஞருக்குச் சிறுநீர்ச் சோதனை செய்தால் பெற்றோர் கோபப்படுகிறார்கள், என் பிள்ளையைப் போதைப் பித்தன் என்கிறார்களே என்று. ஷாபு போன்ற போதைப்பொருள்கள் இதே அறிகுறிகளைக் கொண்டுவரும். தைராய்டுக் கோளாறும் மனநிலையைக் குலைக்கும். அவற்றை ஒதுக்கினால்தான் மற்றதைப் பார்க்க முடியும். ஒத்துழையுங்கள்.

உலகச் சுகாதார நிறுவனம் தரும் கணக்குப்படி, 2019இல் உலகில் ஏறத்தாழ 4 கோடிப் பேர் இருமுனைக் கோளாற்றோடு வாழ்ந்தார்கள். அப்போது மனச்சிதைவோடு வாழ்ந்தவர்கள் ஏறத்தாழ 2 கோடியே 40 இலட்சம், அதாவது 300 பேருக்கு ஒருவர். இரண்டுமே பெரும்பாலும் பதின்ம வயதின் கடைசியிலும் இருபதுகளிலும் தலைகாட்டுகின்றன. நம் திருமண மண்டபம் ஒன்றில் ஐந்நூறு பேர் கூடினால் அங்கேயே சிலர் இருக்கக்கூடும். ஆனால் பெண் பார்க்க வரும்போது மறைக்கிறோம். கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்கிறோம். ஆகாது, மாத்திரையை ஒளித்து விழுங்க வேண்டிய இன்னொரு வீடுதான் கிடைக்கும். பரம்பரை பற்றியும் மிகையாக அஞ்சுகிறோம். பெற்றோரில் ஒருவருக்கு மனச்சிதைவு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ 10 விழுக்காடு என்கிறார்கள். பத்தில் ஒன்பது பிள்ளைகளுக்கு வருவதில்லை. மணமாகப்போகும் பெண்கள் மட்டும் மருத்துவரிடம் முன்கூட்டியே பேசிவிட வேண்டும், ஏனென்றால் வால்புரோவேட் என்ற மருந்து கருவிலிருக்கும் குழந்தையைப் பாதிக்கக்கூடியது. தாமாக நிறுத்தவும் கூடாது. மருத்துவர் மாற்றித் தருவார்.

மனநல மருத்துவமனை இருக்கும் தஞ்சோங் ரம்புத்தான் என்ற ஊர்ப்பெயரை ஏச்சாகப் பயன்படுத்துவதை நான் வகுப்பறையில் அனுமதித்ததே இல்லை. 1911இல் திறக்கப்பட்ட அந்த மருத்துவமனை எத்தனையோ குடும்பங்களுக்கு உதவியிருக்கிறது. இன்று பெரும்பாலானோர் அவ்வளவு தூரம் போக வேண்டியதும் இல்லை. அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் 1 ரிங்கிட் கட்டிப் பார்த்துவிட்டு, பரிந்துரைக் கடிதத்தோடு பொது மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போனால் குடிமக்களுக்குக் கட்டணம் மிகக் குறைவுதான். நோயாளி வர மறுத்துத் தனக்கோ பிறருக்கோ தீங்கு செய்யும் நிலையில் இருந்தால், 2001ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் உறவினர் விண்ணப்பித்துச் சேர்க்க வழி செய்கிறது. இருமுனைக் கோளாறு, மனச்சிதைவு இரண்டிலுமே தற்கொலை ஆபத்து அதிகம். தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. போலீசுக்குப் பயந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகாமல் மூடி மறைக்க இனிக் காரணமில்லை. சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசி எண் 15555. அதைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வையுங்கள்.

கடிதம் எழுதிய அன்பருக்கு நான் தரக்கூடிய ஒரே யோசனை ஒரு நோட்டுப் புத்தகம். பெரிதாக ஒன்றும் எழுத வேண்டாம். மகன் எத்தனை மணிக்குப் படுத்தான், எத்தனை மணிக்கு எழுந்தான், பேச்சு வேகமா மெதுவா, செலவு கூடியதா, குரல் கேட்பதாகச் சொன்னானா, அன்று அவன் மனநிலை எப்படி இருந்தது, மாத்திரை போட்டானா என்று நாளுக்கு இரண்டு வரி. அவனுக்குத் தெரிந்தே எழுதுங்கள்; ஒளித்து எழுதினால் சந்தேகம் வளரும். என் தம்பி இப்போது தன் நோட்டைத் தானே எழுதுகிறான், நான் ஓரத்தில் சேர்க்கிறேன். சில நேரம் நாங்கள் இருவரும் எழுதியது ஒன்றுக்கொன்று முரணாக இருக்கும், அதையும் மருத்துவர் விரும்பிப் படிக்கிறார். மருத்துவர் உங்கள் மகனைப் பார்ப்பது சில மாதங்களுக்கு ஒருமுறை, சில நிமிடங்கள். மீதி நாள்களைப் பார்ப்பவர் நீங்கள். இரண்டு நோய்களையும் பிரித்துக் காட்டும் தகவல் உங்கள் வீட்டில்தான் இருக்கிறது.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள், ஆசிரியர் அவர்களே. நான் போய்வரும் கிளினிக்கில் இந்த நோய்களைப் பற்றிய துண்டறிக்கைகள் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கின்றன. தமிழில் ஒன்றும் என் கண்ணில் படவில்லை. தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த பாட்டிமார்களும் அம்மாக்களும்தான் பல வீடுகளில் மாத்திரையை எண்ணிக் கொடுக்கிறார்கள். தமிழ் பேசும் மனநல மருத்துவர்கள் நம் நாட்டில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைக் கொண்டு மாதம் ஒருமுறையேனும் வாசகர் கேள்விகளுக்குப் பதில் தரும் பகுதி ஒன்றைத் தங்கள் ஞாயிறு பதிப்பில் தொடங்க வேண்டுகிறேன். முதல் கேள்வியை நானே அனுப்புகிறேன்: லித்தியம் எடுக்கும் ஒருவர் அறுபது வயதைத் தாண்டும்போது சிறுநீரகத்துக்காக எதைக் கவனிக்க வேண்டும்? என் தம்பிக்கு அந்த வயது நெருங்குகிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை,
பாகான் டாலாம், பட்டர்வொர்த்.

(குடும்பத்தார் நலன் கருதிப் பெயரை வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன். தம்பியும் நாத்தனார் மகனும் இக்கடிதத்தைப் படித்துச் சம்மதம் தந்திருக்கிறார்கள்.)